அவர் கையில் மட்டும் அணையும் கணினி

கணினி வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் இருப்பவர் என்ன கோளாறு என்று சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் விடையைச் சொல்லிவிடுவோம். எனக்கு அந்த வியாதி கொஞ்சம் முற்றியே இருக்கிறது. நாகர்கோவிலில் வீட்டில் உட்கார்ந்தபடி பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். என்னைப் போன்ற சிலர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், நூலகம் என்று யார் கூப்பிட்டாலும் சும்மாவே போய்க் கணினியைச் சரிசெய்து கொடுப்போம். டீயும் பழம்பொரியும் தந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டோம்.

அப்படித்தான் அருமனைப் பக்கம் இருக்கும் அந்தச் சிறிய பள்ளி எங்களுக்குப் பழக்கமானது. பார்வையில்லாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. சுற்றிலும் ரப்பர் தோட்டம். அடுத்த காம்பவுண்டில் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் கட்டடம் இருப்பதால், ஜன்னலைத் திறந்தால் மேசையெல்லாம் கரி படியும். யாரோ நன்கொடையாகக் கொடுத்த கணினி ஒன்று அங்கே இருந்தது. திரையும் உள்பாகங்களும் ஒரே பெட்டியாகச் சேர்ந்த வகை. அதில், திரையில் இருப்பதை உரக்க வாசிக்கும் மென்பொருளைப் போட்டுக்கொடுத்தது நான்தான். ஜலதோஷம் பிடித்தவர் ஒப்பிப்பது போல ஒரு குரல். ஆனாலும் தமிழைத் தமிழாகவே வாசிக்கும்.

காலையில் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அக்கா அந்தக் கணினியில் கடிதங்கள் அடிப்பார். பள்ளி விட்ட பிறகு அது தமிழ் டீச்சர் கைக்கு வரும். டீச்சருக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது. குலசேகரத்துக்காரர், என்னைவிடப் பல வயது இளையவர், வாயாடி. நான் ஒரு மாதத்தில் சொல்லித்தரலாம் என்று நினைத்ததை ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டார். குரலின் வேகத்தைக் கூட்டிக் கூட்டி, எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாத அளவுக்குக் கொண்டுபோய்விட்டார். நான் விழிப்பதை என் மௌனத்திலிருந்தே கண்டுபிடித்து, "அக்கா, கண்ணு இருக்கதுனால ஒங்க காது மடி புடிச்சிப் போச்சு" என்று சிரித்தார். மடி என்றால் எங்கள் ஊரில் சோம்பல். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஜூன் மாதத்திலிருந்து பெரிய பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு தொடங்குவதாக இருந்தது. அதை யார் எடுக்கிறார்களோ அவர்களுக்கு நிரந்தர வேலை. டீச்சர் அதுவரை தற்காலிகம்தான். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும், திறக்கும்போது கூப்பிடுவார்களா என்று காத்திருக்கிற வாழ்க்கை. வகுப்பை நானே எடுக்கிறேன் என்று தாளாளரிடம் கேட்டிருந்தார். தாளாளர் நல்ல மனிதர், ஆனால் தயங்குகிறவர். பார்வையுள்ள ஒருவரை வெளியிலிருந்து போடலாமே என்று அவருக்கு ஒரு எண்ணம். முதலில் ஒரு மாதிரி வகுப்பு எடுங்கள், வந்து உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கணினி பட்டென்று அணைய ஆரம்பித்தது. அதுவும் டீச்சர் உட்கார்ந்தால் மட்டும். காலை முழுக்க அலுவலக அக்கா அடிப்பார், ஒன்றும் ஆகாது. மாலையில் டீச்சர் தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகாது, குரல் சொல்லுக்கு நடுவில் அறுந்துவிடும். நமக்கென்றால் திரை கறுத்துப்போனதாவது தெரியும். அவருக்கு அதுவும் இல்லை, திடீரென்று ஓர் அமைதி, அவ்வளவுதான்.

எங்கள் குழு குதித்து எழுந்தது. மின்னழுத்தம் என்றான் ஒருவன். வைரஸ் என்றாள் ஒருத்தி. சவத்த தூக்கி ஓடையில போடு, வேற வாங்கலாம் என்றார் மூத்தவர். ஒருவன் ஒரு காலைப்பொழுதில் நேரில் போய் அடாப்டரை மாற்றி, உள்சூட்டையும் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு வந்தான். நான் வீட்டிலிருந்தே இணையம் வழியாக அந்தக் கணினிக்குள் நுழைந்து பார்த்தேன். அவர்கள் திரை அப்படியே என் திரையில் தெரியும். டீச்சரின் விரல்கள் தவறே இல்லாமல் ஓடின. பிறகு அங்கே அணைந்தது, இங்கே இணைப்பு போயிற்று. வழக்கம்போல நானும் விடையைச் சொன்னேன். சாயங்காலம் எல்லா வீட்டிலும் மோட்டார் போடுவார்கள், மின்சாரம்தான் கோளாறு என்றேன். யு.பி.எஸ். மாற்றினோம். அப்படியும் அணைந்தது.

டீச்சர் எதையோ தவறாகத் தட்டுகிறார் என்று பள்ளியில் பேச்சு எழுந்துவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை, ஆனால் பேசினார்கள். ஒரு நாள் டீச்சர் போனில், "எனக்க கைதான் அக்கா சரியில்ல. எல்லாருக்கும் ஓடுது, எனக்கு மட்டும் ஓடல்ல. நான் எங்கியோ தப்பா அமுக்குதேன், எனக்குத் தெரியல்ல" என்றார். வாயாடியின் குரல் அப்படி இறங்கியதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. எனக்கே என் மேல் கோபம் வந்தது. மறுநாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளி விட்டிருந்தது. கணினி அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே டீச்சர் விசைப்பலகையில் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தார், குரல் படபடவென்று வாசித்துக்கொண்டிருந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

கணினியே தெரியவில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் தடித்த துணியில் ஓர் உறை, உள்ளே மெத்தென்று லைனிங், அடியில் இறுக்கிப் பிடிக்கும் எலாஸ்டிக். முன்பக்கம் முழுக்க எம்பிராய்டரியில் பூக்கள், ஒவ்வொன்றும் புடைத்து நின்றது. விசைப்பலகை மட்டும் வெளியே. உறைக்குள்ளிருந்து ஜலதோஷக் குரல் வந்துகொண்டிருந்தது.

"டீச்சர், இது என்ன?"

"அக்காவா! வந்தியளா? இது எனக்க அம்மை இப்பம் புதுசா தச்சது. கரி படியப்பிடாதுன்னு. பூவத் தொட்டாலே எனக்கு முன்பக்கம் தெரிஞ்சிரும். கொள்ளாமா, நல்லாருக்கா?"

அம்மா வீட்டிலிருந்து எம்பிராய்டரி செய்து கொடுப்பவர் என்று முன்பே சொல்லியிருந்தார். அலுவலக அக்காவுக்குத் திரை வேண்டும், ஆகவே காலையில் உறையைக் கழற்றுவார். வேலை முடிந்ததும், டீச்சருக்குத் திரை எதற்கு, வீணாகக் கரி படிவானேன் என்று அக்கறையாக மாட்டிவிட்டுப் போவார். டீச்சர் அப்படியே உட்கார்ந்து வேலை பார்ப்பார். காற்று போக வழியில்லாமல் கணினி உள்ளுக்குள் வெந்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். எங்கள் ஆள் போனது காலையில். எனக்குத் தெரிந்ததோ திரை மட்டும். உறை போட்டிருக்கிறீர்களா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

உறையைக் கழற்றினேன். டீச்சரின் கையைப் பிடித்துக் கணினியின் பின்பக்கம் வைத்தேன். சுட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் மாறி மாறி என்னென்னவோ வந்தது.

"அப்போ எனக்க கையில ஒண்ணும் இல்லியா?"

"ஒரு மண்ணும் இல்ல, மக்கா" என்றேன்.

சிரித்தார், பிறகு அழுதார். நானும் அழுதேன், சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அம்மைகிட்ட சொல்லாண்டாம் அக்கா" என்பதுதான்.

தாளாளர் வந்த அன்று நானும் போயிருந்தேன். அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். டீச்சர் உறையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு வகுப்பைத் தொடங்கினார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் ஊர்ப் பெயரை அடித்தார்கள். குரல் அதை வாசித்ததும் வகுப்பே கெக்கலி கொட்டியது. வழக்கமாக அணையும் நேரம் நெருங்கியபோது டீச்சரின் பேச்சு தடுமாறியது. கை தானாகப் போய்க் கணினியின் மேல்விளிம்பைத் தொட்டது. வெதுவெதுப்பான காற்று விரலில் பட்டிருக்க வேண்டும். மறுபடியும் பேசத் தொடங்கினார், முன்னைவிடச் சத்தமாக. கணினி அணையவில்லை.

மணி அடித்ததும் தாளாளர் எழுந்தார். "கொள்ளாம் டீச்சர். ஜூன்ல இருந்து நீங்களே எடுங்க" என்றார். பெரிதாக வேறொன்றும் பேசவில்லை, போய்விட்டார்.

பிள்ளைகளும் வெளியேறினார்கள். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தேன், டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். விசைகளை அமுக்கினார். குரல் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு நின்றது. அறையில் அதே அமைதி. அவர் கணினியின் முதுகில் கையை வைத்துச் சூடு தணியும்வரை பொறுத்திருந்தார். பிறகு மடியிலிருந்த உறையை எடுத்து, பூவைத் தடவி முன்பக்கம் பார்த்து, மெதுவாக மாட்டினார்.

"இது நான் அணச்சது, கேட்டியளா அக்கா" என்றார்.