வாங்கிக் கட்டிக்கொண்ட தோர்சாமி

ஏற்றத்தில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளுவது தோர்சாமிக்குக் கட்டோடு பிடிக்காது. மூச்சு வாங்கினால் ஒரு காலை ஊன்றி நிற்பார், தண்ணீர் குடிப்பார், கீழே வளைந்து ஓடும், பிஜித் தீவின் பா ஆற்றை, தன் வீட்டுக் கொல்லையைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். பிறகு மறுபடி மிதிதான். வயது ஐம்பத்தெட்டு. முதுகுப் பையில் ரொட்டிச் சுருள், உள்ளே டின் மீன் கறி.

முப்பது வருஷம் பா ஊர்ச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டியவர். "பிஜியில நான் பார்த்ததெல்லாம் முன்னாடி போற லாரியோட பின்பக்கந்தான்" என்பார். வேலையை விட்ட கையோடு சைக்கிள் வாங்கினார். புதன்கிழமைக்கு ஒரு மலைப்பாதை. ஊரே சிரித்தது.

"வெள்ளைக்காரன் வந்து பாக்கிற மலை, உனக்கெதுக்குய்யா?"

"அவனுக்கே அவ்வளவு அழகுன்னா, இந்த நாட்டுக்காரனுக்கு எவ்வளவு இருக்கும்!" என்று மணியடித்துவிட்டுப் போய்விடுவார்.

நாட்டுக்காரன் என்று வாய்தான் சொல்லும். உள்ளே முள்ளாய்க் குத்தும். அண்ணன் தம்பியெல்லாம் ஆக்லாந்து போயாயிற்று. மகள் பிரிஸ்பேனிலிருந்து குடியேற்றத் தாள்களை அனுப்பியிருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும். "கரும்பு வெட்ட வந்து நாலு தலைமுறை ஆனாலும் நாம பிஜியில விருந்தாளிதாம்ப்பா" என்பது அவள் கட்சி. 

அந்தப் புதன்கிழமை, மேடேறிய குஷியில், ஹெல்மெட்டோடு விர்ரென்று பிஜிப் பூர்வகுடிகளின் நவாலா கிராமத்துக்குள் நுழைந்துவிட்டார். முன்னால் போன இரண்டு ஆஸ்திரேலியர்களும் அப்படித்தான் போனார்கள். கூரை வேய்ந்துகொண்டிருந்த இலிசோனி என்ற அந்த ஊர்க்காரன் மேலிருந்தே கத்தினான்.

"யோவ்! தலையை மூடிக்கிட்டா ஊருக்குள்ள வருவே? எங்க தலைவருக்கு என்னய்யா மரியாதை?"

"அவங்களும்தானே போட்டிருக்காங்க?"

"அவங்க விருந்தாளி, தெரியாது. நீ இந்த நாட்டுக்காரன். உனக்குமா தெரியாது? வெக்கமா இல்ல?"

தோர்சாமி ஹெல்மெட்டைக் கழற்றிக் கும்பிட்டார். வெட்கம்தான், ஆனாலும் வாயெல்லாம் பல்.

சாயங்காலம் மனைவி சரோஜ்னி தாளையும் பேனாவையும் நீட்டினாள். "எனக்கு எங்க இருந்தாலும் சரிதான். இன்னிக்கு முடிவச் சொல்லிடுங்க."

"இன்னிக்கு ஒருத்தன் என்னைத் திட்டினான் பாரு சரோஜ்னி, அப்படியொரு திட்டு!"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். பிறகு பேனாவை வாங்கி, மூடியை இறுக்கிப் போட்டு, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.