சட்டைப் பொத்தான் வடை

பயம் வந்தால் எனக்கு முதலில் வியர்ப்பது மூக்கு. அந்தச் சனிக்கிழமை காலை, கொரட்டூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் கார் ஷெட்டில், எனக்கு ஒதுக்கிய மேசையின் மேல் துணி விரிக்கும்போதே மூக்கு நனைந்துவிட்டது. இத்தனைக்கும் ஒரு ஆள்கூட இன்னும் உள்ளே வரவில்லை. கேட்டே திறக்கவில்லை.

நான் விற்கக் கொண்டுபோயிருந்தவை குட்டிச் சமையல் சாமான்கள். தீப்பெட்டி அளவில் மண் அடுப்பு. அதன் மேல் சோடா மூடி அகலத்தில், பித்தளைத் தகட்டைத் தட்டிச் செய்த வாணலி. ஊக்கின் கம்பியில் டீ வடிகட்டியின் வலையைக் கத்தரித்து ஒட்டிய ஜல்லிக்கரண்டி. இவையெல்லாம் சேர்ந்தது ஒரு செட். எல்லாம் வீட்டில், சாப்பாட்டு மேசையில், மனைவியின் திட்டுக்கு நடுவில் நானே செய்தவை.

பிழைப்புக்கு நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்ப்பவன். அடுத்தவன் லேத் மெஷினில் கடைந்து கொடுத்ததை அளந்து பார்த்து, இது தேறாது என்று ஓரமாகத் தள்ளுவதற்கு எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவன் தானே ஒன்றைச் செய்து, ஊரே வந்து பார்க்கட்டும் என்று உட்கார்ந்தால் மூக்கு வியர்க்காமல் என்ன செய்யும்?

கண்காட்சியை நடத்தியவர் அந்தப் பகுதி மகளிர் குழுவின் தலைவி. நாங்கள் எல்லோரும் அவரைத் தலைவியம்மா என்றே கூப்பிட்டோம். சனி, ஞாயிறு இரண்டு நாள். கேட் திறப்பதற்கு முன் மேசை மேசையாக வந்து ஒரு விதியைச் சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஒண்ணாவது வித்திருக்கணும். ஒண்ணுமே போகாத டேபிள நாளைக்கு வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் எங்கிட்ட மூஞ்சத் தூக்கக் கூடாது."

பக்கத்து மேசையில் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண் மெகந்தி போட உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்த்து மிக அன்பாகச் சிரித்தாள்.

"அண்ணாத்தே, தப்பா நெனச்சுக்காத. நாளைக்கு இந்த டேபிளு எனக்குத்தான். தலைவியம்மாகிட்ட சொல்லி வெச்சுட்டேன். எனக்கு சேர் போட எடம் பத்தல."

"நான் இன்னும் கடையே தொறக்கலம்மா."

"அதான் பாத்தேனே. உன் மூஞ்சியே காட்டிக் குடுக்குது."

மேசை போனால் போகட்டும் என்று விட்டுவிட முடியாது. ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குடும்பத்தோடு வந்து பாருங்கள் என்று கம்பெனியில் ஷிப்ட் ஷிப்டாகப் போய்ச் சொல்லியிருந்தேன். நான் யார் யார் சரக்கைத் தள்ளினேனோ அத்தனை பேரும் வருவதாக ஆவலோடு ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் வந்து பார்க்கும்போது என் மேசையில் மெகந்தி கோன் அடுக்கியிருந்தால், வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை எனக்குப் பெயர் மெகந்தி.

கேட் திறந்தது. கூட்டம் நன்றாகத்தான் வந்தது. என் மேசை முன்னால் நின்று எல்லோரும் குனிந்தார்கள். கன்னத்தில் கை வைத்தார்கள். "ஐயோ, குட்டியா எவ்ளோ அழகா கீது பாரேன்" என்றார்கள். போட்டோ எடுத்தார்கள். நிமிர்ந்து, பக்கத்தில் போய் மெகந்தி என்ன விலை என்று கேட்டார்கள்.

ஒரு பெரியவர் மட்டும் நிமிராமல் நின்றார்.

"நைனா, இது இன்னாத்துக்கு?"

"அலமாரியில வெக்கலாங்க. அழகுக்கு."

"கொசுவுக்கு சமைச்சுப் போட்றதுக்குன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். மெகந்திக்காரி சிரித்த சிரிப்பில் யாரோ ஒருவரின் உள்ளங்கையில் மாங்காய் டிசைன் பலாப்பழமாகிவிட்டது.

மதியம் மனைவி வந்தாள். எங்கள் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். மேசையைப் பார்த்தாள். காலையில் பெட்டியில் அடுக்கிய அதே எண்ணிக்கை அதே வரிசையில் இருந்தது.

"ஏங்க, ஒண்ணு கூடவா போகல?"

"எல்லாரும் அழகா இருக்குன்னாங்க."

"அடுப்பு அழகா இருந்து என்ன பண்றது? அடுப்புன்னா எரியணும். பத்த வெச்சு எதையாவது சுட்டுக் காட்டுங்க."

மூக்கில் அடுத்த தவணை துளிர்த்தது. காரணம் இருந்தது. நான் செய்தவற்றில் பற்றவைத்துப் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். அதுவும் முதலில் செய்தது, பின்பக்கம் விரிசல் விட்டுப்போன ஒன்று. விற்க லாயக்கில்லை என்று நானே தள்ளிவைத்து, விளையாட்டுக்கு ஒரு துண்டு மெழுகுவத்தி ஏற்றிப் பார்த்தேன். நன்றாக எரிந்தது. அதை நம்பி மற்ற எல்லாவற்றையும் அதைவிட ஒழுங்காக, விரிசல் இல்லாமல், வாணலி நூலிடைகூட இல்லாமல் வாயில் உட்காரும்படி செய்தேன். ஒன்றையும் ஏற்றிப் பார்க்கவில்லை. பிறர் செய்த சாமானைத் தட்டிப் பார்த்து, கொட்டிப் பார்த்து, ஒளியில் பிடித்துப் பார்த்து வாங்குபவன் நான். என் சாமானை மட்டும் நம்பிக்கையின் பேரில் பாஸ் செய்துவிட்டேன்.

இதை மனைவியிடம் சொல்லவில்லை. அவள் வீட்டுக்குப் போய், சாயங்கால வடைக்கு ஊறவைத்திருந்த கடலைப்பருப்பை நைசாக அரைத்து, ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நான் அந்த விரிசல் அடுப்பை முன்னால் வைத்தேன். உள்ளே மெழுகுவத்தித் துண்டு. வாணலி நிறைய எண்ணெய். மனைவி விரல் நுனியில் மாவை எடுத்து, தட்டி, நடுவில் அழுத்தி உள்ளே போட்டாள். சட்டைப் பொத்தான் அளவில் வடை. அது 'சொய்ங்' என்று சொன்னபோது, பக்கத்துத் துணிக் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

வாசனைக்கு அளவு தெரியாது என்று அப்போது புரிந்துகொண்டேன். பொத்தான் வடையும் முழு வடையின் வாசனையைத்தான் கிளப்பியது. கார் ஷெட் முழுக்கக் கடலைப்பருப்பும் சோம்பும். ஒரு வாணலிக்கு மூன்று வடை. நான் ஜல்லிக்கரண்டியால் திருப்பிப் போட்டபோது பின்னால் ஒரு குரல், "ஏய், திருப்புறாருடி" என்றது. நான் வாழ்க்கையில் எதையாவது திருப்பி, அதை இத்தனை பேர் பார்த்தது அதுதான் முதல் தடவை. காதுவரை சூடேறிவிட்டது.

மூன்றை எடுத்துத் தட்டில் வைத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டிவிட்டு, விலை சொல்ல வாயைத் திறந்தேன். மனைவி என் முழங்கையைப் பிடித்தாள்.

"பாத்துக்கினு நிக்கிறவங்களுக்குக் குடுக்காம வெக்கக் கூடாது. கண்ணு பட்டா வயித்த வலிக்கும்."

"இவ்ளோ பேருக்குமா?"

"பாத்தவங்க அத்தினி பேருக்கும்."

எங்கள் வீட்டில் இது மீற முடியாத சட்டம். வடை சட்டி அடுப்பில் இருக்கும்போது கூரியர்காரர் வந்தால் கூரியர்காரருக்கும் ஒன்று. மூன்று வடை கொடுத்தோம். அடுத்த மூன்று வேகும்போது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேருக்குச் சுடும்போது வரிசை துணிக் கடையைத் தாண்டிவிட்டது. வடை வேகிற வேகத்தைவிடக் கண் பெருகுகிற வேகம் அதிகம். நான் கடை போட்ட லட்சணம், கட்டணமில்லாத விருந்தாகிவிட்டது. ஒருவரும் அடுப்பை வாங்குவதாகத் தெரியவில்லை. ஒருவர் வடையில் உப்பு கம்மி என்று புகார் வேறு சொன்னார்.

வரிசை மெகந்தி மேசையை ஒட்டி வளைந்து போனது. நின்று நின்று கால் வலித்தவர்கள் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களைச் சும்மா விடுவாளா? "வடை வர்றதுக்குள்ள ஒரு கை போட்டுடலாம்க்கா" என்று பிடித்துக்கொண்டாள். வடை வரும்போது அவர்கள் கையெல்லாம் ஈரம். தொட முடியாது. அதனால் மனைவி ஒரு பல்குத்தியில் வடையைக் குத்தி எடுத்துக்கொண்டு, "ஆ காட்டுங்க" என்று வரிசையாக ஊட்ட ஆரம்பித்தாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி, கண்ணை மூடி, வாயைத் திறந்து, ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியார் கொடுக்கும் நன்மை அப்பத்தை வாங்குவதற்குக்கூட எங்கள் மாதா கோவிலில் இத்தனை ஒழுங்காக வரிசை நின்று நான் பார்த்ததில்லை.

"அண்ணாத்தே, நிறுத்தாத. சுட்டுக்கினே இரு" என்றாள் மெகந்திக்காரி. காலையில் என் மேசையைக் கேட்டவள் இப்போது எனக்கு எண்ணெய் வாங்கிவர ஆள் அனுப்பினாள்.

அப்படி ஊட்டப்பட்டவர்களில் மாங்காட்டுக்கார அம்மா ஒருவர், வாயில் வடையை மென்றபடி கேட்டார்.

"இந்த அடுப்பு எனக்கு வேணும்."

மூக்கு, நெற்றி, கழுத்து எல்லாம் ஒரே நேரத்தில் வியர்த்தன. "இது வேணாம்மா, பின்னாடி விரிசல். இதோ, புதுசு எடுத்துக்குங்க, சுத்தமா இருக்கும்."

"எரியுமா?"

"அடுப்புதானேம்மா."

"பத்த வையேன், பாக்கலாம்."

ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து தலைவியம்மா ஒவ்வொரு மேசையாக விசாரித்தபடி வந்துகொண்டிருந்தார். நான் இருப்பதிலேயே லட்சணமான அடுப்பை எடுத்தேன். மெழுகுவத்தியை ஏற்றி உள்ளே வைத்தேன். வாணலியைப் பொருத்தினேன். சுடர் ஒருமுறை எட்டிப் பார்த்தது. நீலமாகிச் சுருங்கியது. செத்தது. ஒரு நூல் புகை மட்டும் அடுப்பின் முன்பக்க வாசல் வழியாக வந்து என் மூக்கைத் தடவியது.

"காத்து அடிக்குது" என்றேன். ஷெட்டில் காற்று என்பதே இல்லை. மறுபடியும் ஏற்றினேன். மறுபடியும் செத்தது. வரிசையில் நின்ற மொத்தக் கூட்டமும் வடையை மறந்துவிட்டு என்னைப் பார்த்தது. அவசரத்தில் உரசிய தீக்குச்சியே மூன்று வீணானது. மண்டபத்துக்குப் பின்வாசல் உண்டா என்று கண்ணால் தேடினேன். உண்டு. ஆனால் அங்கேயும் வரிசை நின்றது.

ஓட வழியில்லாததால் அடுப்பைப் பார்த்தேன். முதல் அடுப்பு இன்னும் ஜோராக எரிந்துகொண்டிருந்தது. அதன் பின்பக்க விரிசலில் வெளிச்சம் ஆடியது. புதியதில் ஆட இடமே இல்லை. வாயில் வாணலி அச்சாக உட்கார்ந்து புகை போக வழியில்லாமல் அடைத்திருந்தது. நான் நூலிடை விடாமல் செய்த பெருமைதான் நெருப்பின் கழுத்தைப் பிடித்திருந்தது.

"ஊசி வேணும். சீக்கிரம். ஒரு ஊசி."

மெகந்திக்காரி தன் கோன் முனை அடைத்துக்கொள்ளாமல் செருகியிருந்த குண்டூசியைப் பிடுங்கி நீட்டினாள். சூளையில் சுடாமல் வெயிலில் காயவைத்த மண். திருகத் திருக ஊசி இறங்கியது. ஒரு துளை. பக்கத்தில் இன்னொன்று. மூன்றாவது துளை போடும்போது ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. கம்பெனியில் யாராவது என் முன்னால் இப்படி ஒரு வேலையைச் செய்திருந்தால் மேலதிகாரியைக் கூப்பிட்டிருப்பேன். ஊதித் துடைத்துவிட்டு மெழுகுவத்தியை ஏற்றினேன். வாணலியை வைத்தேன்.

சுடர் குறுகியது. நான் மூச்சை நிறுத்தினேன். பிறகு அது ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, நின்றது. பின்னால் மூன்று துளையிலும் மஞ்சள் வெளிச்சம். மனைவி மாவைத் தட்டிப் போட்டாள். 'சொய்ங்.'

"எரியுது" என்றார் மாங்காட்டு அம்மா. "குடு."

அந்த நொடியில் தலைவியம்மா வந்து சேர்ந்தார். "இங்க இன்னா? வித்துச்சா?"

"வித்துச்சும்மா" என்றேன்.

"காசு வாங்கிட்டியா?"

மாங்காட்டு அம்மா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். முழங்கைவரை ஈர மெகந்தி. "பர்ஸு ஊட்டுக்காரர்கிட்ட கீது. அவரு வண்டிய எடுக்கப் போயிருக்காரு."

தலைவியம்மா என்னைப் பார்த்தார். பிறகு மெகந்திக்காரியைப் பார்த்தார். "நீதான எடம் கேட்ட?"

அவள் ஒரு கோனை எடுத்து முனையைத் துடைத்தாள். அவசரமே படவில்லை. அவசரம் எல்லாம் எனக்குத்தான்.

"கேட்டேன்க்கா. இப்ப வேணாம். அண்ணாத்த இங்கயே கெடக்கட்டும். இவரு வடை சுடலன்னா என் சேர்ல யாரு குந்துவா?"

"ரூலு ரூலுதான். காசு வரட்டும்" என்றார் தலைவியம்மா. மேசையின் ஓரத்தில் சாய்ந்து நின்றுகொண்டார். மனைவி கேட்காமலேயே பல்குத்தியை நீட்டினாள். அவரும் வாயைத் திறந்தார். ஒன்று போதவில்லை போலிருக்கிறது, இரண்டாவதுக்கும் திறந்தார்.

வண்டி எடுக்கப் போன மனிதர் ஒருவழியாக வந்தார். என்ன ஏது என்று தெரியாமல், மாங்காட்டு அம்மா கண்ணால் காட்டியபடி பர்ஸைத் திறந்து நீட்டினார். வாங்கும்போது என் விரல் எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கி நோட்டு மாவு டப்பாவில் விழுந்தது. தலைவியம்மா அதைப் பார்த்துவிட்டு, "செல்லும், செல்லும்" என்று சொல்லி அடுத்த மேசைக்குப் போனார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டிக் கொடுக்க நான் பை, பெட்டி, காகிதம் எதுவுமே கொண்டுவரவில்லை. விற்கும் என்று யார் நினைத்தது? மெகந்திக்காரி காலியான ஒரு கோன் பெட்டியைக் கொடுத்தாள். மேல் அட்டையில் மணப்பெண் கைகள். உள்ளே என் அடுப்பு. அந்த அம்மா ஈரக் கைகளை விரித்தபடி முன்னால் நடக்க, கணவர் அந்தப் பெட்டியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு பின்னால் போனார். நான் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கேட்டைத் தாண்டும்வரை.

"வாயப் பொளந்துக்கினு நிக்காதீங்க" என்றாள் மனைவி. "மீதி எல்லாத்துக்கும் ஓட்டை போடுங்க. நாளைக்கு உங்க கம்பெனியே வருது."