எனக்குப் பெரிதாயிருந்த பட்டி

யுத்தம் தொடங்கியதிலிருந்து கடற்படையிடம் பாஸ் எடுத்துத்தான் எங்கள் ஊரான அரிப்பின் கடலில் சங்கு குளிக்கிறோம். முதுகு நோவால் காற்றுச் சிலிண்டரை முதுகில் சுமக்க முடியாமல், அதை விலாப்பக்கம் கட்டும் பட்டி தேடினேன். பழைய சாமான் விற்பவரிடம் இரண்டு இருந்தன. நைந்தது எனக்கு அளவாயிருந்தது. புதிதாகத் தெரிந்தது சற்றுப் பெரிது. புதியதையே எடுத்தேன்.

மறுநாள் வள்ளம் இறக்கும்போது, மனைவியின் அண்ணன் அந்தோனி, "மச்சான், கரையில போட்டுப் பாத்திட்டு வாவன்" என்றான்.

"பாஸ் பத்து மணியோட முடியுது. நேர போவம்" என்றேன்.

ஆறு பாகம், முப்பத்தாறு அடி ஆழத்தில் சங்கெடுக்கக் குனிந்தபோது பட்டி கழன்று சிலிண்டர் சரிந்தது. வாயிலிருந்த மூச்சுக் குழாயையும் இழுத்துக்கொண்டு போனது. எவ்வளவு துழாவியும் கைக்கு எட்டவில்லை. உப்புத்தண்ணீர் தொண்டைக்குள் இறங்கியது. பக்கத்தில் சங்கு தேடிக்கொண்டிருந்த அந்தோனி அதைக் கண்டு பாய்ந்து வந்து, தன் குழாயை என் வாயில் திணித்தான். மாறி மாறி மூச்செடுத்து மெல்ல மேலே வந்தோம்.

வள்ளத்தில் ஏறியதும் அவன் அழுதுவிட்டான். "தங்கச்சி பிள்ளத்தாச்சியா இருக்கிறாள். அவளுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது அளவான பட்டிதான் கட்டுகிறேன். மூச்சுக் குழாயை ரப்பர் நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன். அந்தோனிக்குக் காய்ச்சல் என்றால், பாஸ் கையில் இருந்தாலும் தனியே இறங்குவதில்லை.