மாமல்லபுரத்தில் நான் வேண்டாம் என்ற இசைத்தட்டு

பழைய இசைத்தட்டு வாங்க மாமல்லபுரம் போகிறவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று தெரியாது. எங்கள் வீட்டில் ஒருவர். அவருக்கும் புத்தி கொஞ்சம் மட்டு என்பது என் மனைவியின் கருத்து. உங்களுக்கும் அந்த யோசனை இருந்தால், போன சனிக்கிழமை நான் போய்வந்த கதையைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

காரணம் என் மகள் ஜெனி. வளைகாப்பு முடிந்து ஊரப்பாக்கம் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறோம். வந்த அன்றே கேட்டாள்: "அப்பா, நான் தூங்குறதுக்கு ஒரு பாட்டு போடுவியே, அது எங்க?" சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த ஒரு தட்டைப் போட்டால்தான் கண் மூடுவாள். இப்போது அவள் பிள்ளைக்கும் அது வேண்டுமாம். நானோ அதை ஜன்னலோரம் வெயிலில் வைத்து மறந்து, அது அப்பளமாகிப் பல வருஷம் ஆகிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் சேர்ப்பது சினிமாப் பாட்டு இல்லை. வெளிநாட்டில் யாரோ வீட்டு அறையில் உட்கார்ந்து செய்து, கொஞ்சமாக அச்சடித்த எலக்ட்ரானிக் இசையும் பாடகர் இல்லாத ஹிப்-ஹாப்பும். மறைமலைநகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டியவன் நான். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. பாட ஆள் இல்லாததால் இங்கிலீஷ் புரியவில்லை என்ற கவலை இல்லை. என் கருத்துகளும் எளிமையானவை. டிரம் அடி ஒரு நூல் தாமதமாக விழ வேண்டும், வயிறு நிறையச் சாப்பிட்டவர் மாடிப்படி இறங்குகிற மாதிரி. வேகமாக ஓடுவதெல்லாம் மிக்ஸியில் சட்னி அரைக்கிற ரகம். இதை இந்த வலைப்பூவில் பலமுறை எழுதித் திட்டும் வாங்கியிருக்கிறேன். என் பிளேயரில் வேகம் மாற்றும் பொத்தான் வாங்கிய நாளிலிருந்தே நிமிஷத்துக்கு 33 சுற்றிலேயே இறுகிவிட்டது, வேகமான 45-க்குப் போகாது. அது எனக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை.

ஜெனியின் தட்டு வெறும் வெள்ளை லேபிள். யார் செய்தது, என்ன வேகம், எதுவும் அச்சில் கிடையாது. இணையத்தில் தேடியும் கிடைக்கவில்லை. அன்றைக்கு அதை எனக்கு விற்றவர் மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் தங்கும் விடுதி வைத்திருக்கும் சேகர். ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் சுமக்க முடியாமல் விட்டுப்போவது எல்லாம் அவரிடம் சேரும். போன் போட்டேன். "அதே ஆளு வுட்டுட்டுப் போன பெட்டில இன்னொண்ணு கீது அண்ணாத்த. அதுவும் வெள்ளையாத்தான் கீது," என்றார்.

காலை 7.40-க்கு ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில், டிக்கெட் பத்து ரூபாய். கொளவாய் ஏரி கண்ணில் பட்டதும் எழுந்து வாசலுக்கு வந்துவிடுங்கள், அடுத்தது செங்கல்பட்டு. அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ், கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். ஊர் நெருங்கும்போது சிற்பக் கூடங்களில் கல் அறுக்கும் மெஷின் சத்தம் கேட்கும். அதுவும் மிக்ஸி ரகம்தான்.

விடுதி முன்கூடத்தில் ஒரு பிளேயர். பக்கத்தில் கொண்டை போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சேகர் தட்டைப் போட்டார். ஜெனிக்கு அனுப்பலாம் என்று போனில் பதிவுப் பொத்தானை அமுக்கினேன். கேட்டால், வெறிநாய் துரத்துகிற ஓட்டம்!

"இது அது இல்ல சேகர். எடுத்துடு, தல வலிக்குது."

"இன்னா அண்ணாத்த, முழுசா கேக்கமாட்டியா?"

"முப்பது வருஷமா தட்டு கேக்குறவன்யா நான்!"

"அப்ப காது தேஞ்சிருக்கும்."

தட்டின் உள்வட்டத்தில் ஊசியால் கீறியது போல ஒரு எண் இருக்கும். வளைந்துபோன என் தட்டின் எண்ணை முந்தின நாளே படம் எடுத்து வைத்திருந்தேன். ஒப்பிட அரை நிமிஷம் போதும். ஆனால் மூக்குக்கண்ணாடி பைக்குள் இருந்தது. என் காது இருக்கக் கண்ணாடி எதற்கு? வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸில் ஏறியதும், 'பார் என் தலையெழுத்தை' என்று அந்தப் பதிவை ஜெனிக்கு அனுப்பினேன். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நிற்கும்போது அவள் போன்.

"அப்பா, எறங்கு! இதான்பா அது."

"இன்னாம்மா சொல்ற?"

"அவங்க 45-ல போட்ருக்காங்க. நம்ம பிளேயர்லதான் பொத்தான் போவாதே, 33-லயே ஓடும். அந்த வேகத்துக்கு எறக்கிப் பாத்தேன். கேளு."

அவள் வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவள். அந்த வித்தை தெரியும். போனில் கேட்டேன். டிரம் மாடிப்படி இறங்கி வந்தது. உலகத்திலேயே நிதானமான இசை என்று நான் எழுதிக் குவித்தது, அதைச் செய்தவர் கணக்கில் சட்னி ரகம். தப்பு வேகத்தில் ஓடுகிறது என்று சொல்ல அதில் ஒரு பாடகர்கூட இல்லை.

ஆட்டோ பிடித்தேன், ஐந்நூறு ரூபாய். "பர்ஸ வுட்டுட்டியா சார்?" என்றார் ஓட்டுநர். பாட்டுத் தட்டு என்றேன். ஊர் வரும்வரை கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சேகர் வாசலிலேயே கையை விரித்தார். "நீ அந்தாண்ட போன, அந்தக் கொண்டக்காரன் வாங்கினு பாண்டிச்சேரி பஸ் ஏறிட்டான்."

"நம்பர் வாங்கலையா?"

"டீ குடிக்க வந்தவன்கிட்டல்லாம் நம்பரா வாங்குவாங்க? அவன் கண்ணாடி மாட்டிக்கினு உள்வட்டத்தப் பாத்தான் அண்ணாத்த. நீதான் பாக்கல."

கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். வறுத்த மீன் வாசனை வந்தது, சாப்பிடப் பிடிக்கவில்லை. தட்டு போனதுகூடப் பரவாயில்லை. பிள்ளைத்தாய்ச்சி ஒன்றே ஒன்று கேட்டாள். அது என் காதுக்குள்ளேயே வந்து நின்றது, போ என்று விரட்டினேன்.

போகிறவர்களுக்கு: லேபிளில் வேகம் இல்லையென்றால் இரண்டு வேகத்திலும் போடச் சொல்லுங்கள். எண்ணைப் பாருங்கள். கண்ணாடியைப் பையில் வைக்காதீர்கள், மூக்கில் வையுங்கள். வாங்கிய தட்டை வெயில் படும் பக்கம் வைக்காதீர்கள்.

ஜெனியிடம் இப்போது இருப்பது பஸ்ஸில் நான் அனுப்பிய அந்த இரண்டு நிமிஷம்தான். நடுவில் என் பேச்சு வருகிறது. வேகத்தை இறக்கியதில் எருமை முனகுகிற மாதிரி இருக்கிறது. வெட்டிவிடச் சொன்னேன். வெட்டினால் பாட்டில் பாதி போய்விடுமாம். வயிற்றின்மேல் போனை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். டிரம் நிதானமாக இறங்குகிறது. அதன்மேல் தாத்தா இழுத்து இழுத்துச் சொல்கிறார், இது அது இல்ல, இது அது இல்ல என்று.