நேராத் திரும்பின தகடு

அன்னிக்குப் படகுத்துறையில இருந்தவங்க: ஓனர். வாட்ச்மேன் பசப்பா. செத்துப்போன போட்டு டிரைவர் முருகேசனோட சம்சாரம் செல்வி. அப்புறம் நான். பட்டப்பகல், பதினோரு மணி. பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து போற ஆளு நான். நீங்களும் நம்ப வேண்டாம். நடந்ததைச் சொல்றேன்.

ரெண்டாயிரத்து அஞ்சு, ஆறு இருக்கும். ஓசூர்ல ஒரு கம்பெனியில ஃபிட்டர். படிப்பு ஏழாவதோட சரி. ஞாயித்துக்கிழமையில, ஏரிக்கரையில ஒருத்தர் நடத்தின போட்டிங்குக்குப் போய் இன்ஜின் பார்ப்பேன். இருந்தது ஒரே மோட்டார் போட்டு. பழசு. மங்களூர்ப் பக்கம் எங்கியோ வாங்கி லாரியில ஏத்திட்டு வந்தது. வேகம் எடுத்தா முன்பக்கம் தவளை மாதிரி துள்ளும். ஸ்டியரிங் லேசா வலது பக்கம் இழுக்கும்.

துள்ளலுக்கு, பின்னாடி மாட்டியிருக்கிற இன்ஜினோட சாய்வை ஒரு ஓட்டை உள்ள தள்ளிப் பின் போட்டேன். நின்னுச்சு. இழுப்புக்குக் குனிஞ்சு பார்த்தேன். இன்ஜினுக்கு அடியில, தண்ணியைத் தள்ற காத்தாடிக்கு மேல, உள்ளங்கை அளவு ஒரு தகடு வால் மாதிரி கோணலா நின்னுது. எவனோ இடிச்சு வளைச்சிட்டான்னு நெனச்சேன். கம்பெனியில எங்களுக்கு எது கோணலா இருந்தாலும் தப்பு. ஸ்கேல் வெச்சு நேராக்கி போல்ட்டை இறுக்கிட்டேன்.

அடுத்த ஞாயிறு முருகேசன் வந்தான். "அண்ணா, முன்னைக்கு இப்பத்தான் ரொம்ப இழுக்குது."

"ஏன்டா, உங்க ஊரு சாமல்பட்டியில உனக்குச் சோறு போடலியா? புடிச்சு ஓட்றா"ன்னேன். சிரிச்சான்.

ரெண்டு நாள் கழிச்சு போட்டைத் தனியா கரைக்கு ஓட்டிட்டு வந்தவன், காத்துல போன தொப்பியைப் புடிக்க ஸ்டியரிங்கை விட்டிருக்கான். போட்டு சட்டுனு வலது பக்கம் சுத்தி ஆளைத் தூக்கி எறிஞ்சுது. பசப்பா கரையில நின்னு பார்த்தாரு. பொணம் மறுநாள்தான் கிடைச்சுது. குடிச்சிட்டு ஓட்னான்னு ஓனர் எல்லார்கிட்டயும் சொன்னாரு. முருகேசன் பீடி கூடத் தொடமாட்டான்.

அப்புறம்தான் இன்ஜினோட வந்த பழைய புத்தகத்தைப் புரட்டினேன். இங்கிலீஷ் தெரியாது, படம் தெரியும். படத்துல தகடு கோணலாத்தான் இருந்துது. அந்தக் கோணல்தான் இழுப்பைத் தாங்கறது. புத்தகத்தை மூடினேன். வாயையும் மூடிக்கிட்டேன்.

இருபது நாள் கழிச்சு, போட்டை மறுபடி ஓட்டணும்னு ஓனர் கூப்பிட்டாரு. தகட்டைப் படத்துல இருந்தபடியே கோணலாக்கி இறுக்கி, தகட்டுக்கும் இன்ஜின் உடம்புக்கும் சேர்த்து ஒரு சிவப்பு பெயிண்ட் கோடு போட்டேன். அசைஞ்சா கோடு ஒடையும். ஓட்டிப் பார்த்தேன், கையை விட்டாலும் நேராப் போச்சு. மறுநாள் ஷிஃப்ட்டுக்கு முன்னாடி வந்து பார்த்தா தகடு நேரா நிக்குது, போல்ட்டு இறுகித்தான் இருக்குது, கோடும் ஒடையல, அது எப்படின்னு கேட்காதீங்க.

"யாரு பசப்பா வந்தது?"

"யாரூ பர்லில்ல சாமி, யாரும் வரல. நான் இங்கயேதான் படுத்திருந்தேன்."

மறுபடி கோணலாக்கினேன். விடிஞ்சா மறுபடி நேரா. மூணாவது நாள் லீவு போட்டுட்டு அங்கயே உட்கார்ந்தேன். அன்னிக்குத்தான் செல்வி வந்துச்சு, முருகேசனோட சட்டையும் செருப்பும் வாங்கிட்டுப் போக. ஓனர் முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. என்கிட்ட வந்துச்சு.

"அண்ணா, ஊர்ல எம்புள்ளையைக் குடிகாரன் மவன்னு கூப்பிடறாங்க. நீங்க கூடவே இருந்தவரு. அவரு குடிப்பாரா? சொல்லுங்க."

இன்ஜினைத் தண்ணிக்கு மேல தூக்கி வெச்சிருந்தேன். அப்பத்தான் தகட்டைக் கோணலாக்கி முழு பலத்தோட இறுக்கி முடிச்சது. ஸ்பேனர் என் கையில.

"எனக்கெப்படிம்மா தெரியும்"னேன்.

தகடு திரும்பிச்சு. மெதுவா, யாரும் தொடாம, கடியார முள்ளு மாதிரி நகர்ந்து நேரா வந்து நின்னுச்சு. நம்பினா நம்புங்க, நாலு பேரும் பார்த்தோம். பசப்பா கையெடுத்துக் கும்பிட்டாரு. ஓனர், "ஏம்பா, ஞாயித்துக்கிழமை இது ஓடுமா ஓடாதா?"ன்னாரு.

"அது ஏண்ணா தானாத் திரும்புது?" செல்வி கேட்டுச்சு.

"லூசா இருக்கும்மா."

லூசு இல்ல. ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன், கால் சுத்து கூடப் போகல.

சட்டையையும் செருப்பையும் பையில வெச்சுக்கிட்டு செல்வி பஸ் ஏறிப் போயிடுச்சு. ஓனர் போட்டை வித்துட்டாரு. நான் சாமல்பட்டிக்கு இன்னிவரைக்கும் போகல. தகட்டை நேராக்கினது நான்தான்னு வெளிய சொல்றது, இப்ப எழுதறதுதான் மொதல்.

ஆனா அன்னிக்குச் சாயந்திரம் வீட்டுக்குப் போறப்ப என் மொபெட் வலது பக்கம் இழுத்துச்சு. எதிர்ல லாரி வர்ற பக்கம். மெக்கானிக் வீல் பார்த்தான், ஃபோர்க் பார்த்தான், ஒண்ணுமில்லேன்னுட்டான். வித்துட்டு வேற வாங்கினேன். அதுவும் அப்படித்தான். என் மச்சான் ஓட்டினா நேராப் போகும். நான் உட்கார்ந்தா இழுக்கும். இதுவரைக்கும் மாத்தின வண்டி அஞ்சு.