ஐஸ் கம்பெனி டீம்

அம்மோனியா நெடியும் நனைந்த மரத்தூள் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் ஹாக்கி மட்டைதான் நினைவுக்கு வருகிறது. திண்டிவனத்தில் மரக்காணம் போகிற சாலையில் என் அப்பா ஒரு ஐஸ் கம்பெனி நடத்தினார். கடலோரக் குப்பங்களில் மீன் கெடாமல் வைப்பதற்கான பாளங்கள் அங்கிருந்து போகும். மரத்தூள் தூவிக் கோணி போர்த்தி லாரியில் ஏற்றிய பாளங்களிலிருந்து சொட்டும் தண்ணீர், சாலை நெடுக ஈரக்கோடு ஒன்றைப் போட்டுக்கொண்டே போகும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தக் கோட்டின் மேலேயே, அது காய்வதற்குள், நடந்து வருவேன்.

அந்தக் கம்பெனிக்கு ஒரே ஒரு கோடைக்காலம் ஒரு ஹாக்கி டீம் இருந்தது. ஊரில் அதற்குச் "சம்பள டீம்" என்று பெயர். விழுப்புரம் ரயில்வேக்காரர்கள் நன்றாக ஹாக்கி ஆடுவார்கள். அவர்களில் ஒருவர் ஒரு கல்யாணப் பந்தியில் அப்பாவின் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு, திண்டிவனத்துக்காரன் கையில் மட்டையைக் கொடுத்தால் மாங்காய்தான் அடிப்பான் என்று சொல்லிச் சிரித்துவிட்டார். அப்பா பாயசத்துக்குக் காத்திராமல் இலையை மூடிவிட்டு எழுந்தார். மறுவாரமே ஆள் தேட ஆரம்பித்தார். ஆடுவதற்கென்றே மாதச் சம்பளம், மூன்று வேளைச் சாப்பாடு, படுக்கக் கம்பெனிக்குப் பின்னால் ஒரு கொட்டகை. "வேலை செய்யறவனுக்குக் கூலி குடுப்பாங்க, வெளையாடறவனுக்குமா குடுப்பாங்க?" என்ற அம்மாவின் கேள்வி டீம் கலையும்வரை ஓயவில்லை.

வற்றிக் கிடந்த ஏரியில் முள்செடிகளை வெட்டி, ரோலர் ஓட்டி, மைதானம் போட்டார்கள். கோல்கீப்பர் முருகையன் மரக்காணம் பக்கத்து மீனவர். அவருடைய கால்காப்பு, கோணிக்குள் எங்கள் மரத்தூளை அடைத்துத் தைத்தது. பந்து பட்டால் புகை மாதிரி தூள் கிளம்பும். அடிபட்டவர்கள் சாயங்காலம் கம்பெனி வாசலில் வரிசையாக உட்கார்ந்து முழங்காலில் ஐஸ் துண்டு வைத்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்று ஆடியவர் கோட்டக்குப்பம் காசிம் பாய். இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியவர். பந்து அவர் மட்டையில் ஒட்டிக்கொண்டு ஓடும். அவருடைய மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் நடப்பதற்காகவே நான் விடியற்காலையில் எழுந்தேன்.

இங்கே கம்பெனி வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். லீவு, முன்பணம் எதுவானாலும் ஆட்கள் நேராக அப்பாவிடம் கேட்க மாட்டார்கள். என்னிடம் சொல்வார்கள், நான் ராத்திரி சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொல்வேன், அவர் பதிலை மறுநாள் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் முடியாது என்று அர்த்தம். இரண்டாம் முறை யாரும் கேட்பதில்லை.

விழுப்புரத்தில் ரயில்வேக்காரர்களோடு ஆட்டம் என்று முடிவான வாரத்தில் காசிம் பாய் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டார். துபாய் போக அவருக்கு வழி கிடைத்திருந்தது. ஆட்டம் நடக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை பம்பாய்க்கு ரயிலேற வேண்டும்.

"தம்பி, அப்பாகிட்ட நைசா சொல்லு. அவரு சோத்த துன்னுட்டு சொல்லாம கொள்ளாம போவ மாட்டேன். போன்னு சொன்னார்னா சனிக்கிழமையே கெளம்பிடுவேன்."

அன்று ராத்திரி இட்லிக்கு, எங்கள் ஊரில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையில் அரைத்த சட்னி. நான் வாயைத் திறந்தேன். அப்பா நிமிர்ந்து, "இன்னாடா?" என்றார். "ஒண்ணுமில்லப்பா" என்றேன். காசிம் பாய் இல்லாமல் டீம் விழுப்புரம் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். இத்தனை வருடங்களில் வேறு நல்ல காரணம் எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் பாய், "அப்பா இன்னா சொன்னாரு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலை, பாய்" என்றேன். அந்த வார்த்தையில் பொய் இல்லை. பாய் தலையை ஆட்டிவிட்டு, பந்தைத் தட்டிக்கொண்டே போய்விட்டார்.

விழுப்புரத்தில் கோட்டுக்கு வெளியே நின்ற கூட்டம், "டேய் ஐஸு, வெயில்ல நிக்காத, கரைஞ்சி பூடுவ" என்று கத்தியது. முருகையன் கோலிலிருந்தே, "நாங்க கரைஞ்சி காஞ்சப்புறம்தாண்டா உங்க ரயிலு வரும்" என்றார். ரயில்வேக்காரர்களே சிரித்துவிட்டார்கள். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் காசிம் பாய் மூன்று பேரைத் தாண்டிப் போய் அடித்த ஒரே கோலில் ஜெயித்தோம். அப்பா, கல்யாணப் பந்தியில் தன்னிடம் சிரித்த அந்த மனிதரைத் தேடிப்போய்க் கை கொடுத்தார். பாய் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார். அந்த நேரத்தில் எனக்குக் குற்ற உணர்வு இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு இருந்ததில்லை.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. கோல் கம்பங்களின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய, அதில் கொக்குகள் உட்கார்ந்திருந்தன. சம்பளம் கொடுத்து அப்பாவும் களைத்திருந்தார். டீம் கலைந்தது. காசிம் பாய்க்குப் பதிலாகத் துபாய் போன அவருடைய சித்தப்பா மகன் கோட்டக்குப்பத்தில் மாடிவீடு கட்டினார். பாய் அதே தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்தார். மற்றவர்கள் பொங்கலுக்குப் பொங்கல் வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போவார்கள், பாய் மட்டும் வந்ததேயில்லை. படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில் அப்பா என்னிடம், "அந்தக் காசிம் ஏன்டா அப்புறம் வரவே இல்ல? நான் அவனுக்கு இன்னா கொறை வச்சேன்?" என்று கேட்டார். அப்போது நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அப்போதும் சொல்லவில்லை.

போன மாதம்தான் கோட்டக்குப்பம் போனேன். கடை இல்லை. பாய் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது.

"அப்ப அந்த மனுசன் காதுக்கே போவலியா? நான் பாட்டுக்கு இத்தினி வருசமா அவரத் திட்டிக்கினு இருந்தேனே." கைத்தடியைத் தேடினார். "ஜல்தி எழுந்திரு. திண்டிவனம் போவணும்."

வழியில் கம்பெனி இருந்த இடத்தைக் காட்டினேன். இப்போது அங்கே ஒரு கல்யாண மண்டபம். வாசலில் வரிசையாகக் கார்கள் நின்றன. மீன் லாரிகள் குளிர்பெட்டியோடு வருவதால் சாலையில் ஈரக்கோடும் இல்லை. ஏரியில் நாங்கள் ஆடிய பக்கம் வீடுகள் வந்துவிட்டன. பாய் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. என் வீட்டுக் கூடத்தில், செருப்பை வாசலிலேயே விட்டு வந்து, அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றார்.

"முதலாளி, மன்னிச்சிடுங்க. நீங்கதான் போவ வேணாம்னு நெனச்சீங்கன்னு இருந்துட்டேன்."

பிறகு பக்கத்தில் நின்ற என் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னும் அவருகிட்ட ஒண்ணும் சொல்லலியே, தம்பி."