எங்கள் பிக்கப்பின் அசல் நிறம்

ஒரு வண்டியை அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் இருந்த மாதிரியே ஆக்கிவிட்டால், அதை ஓட்டியவரும் அந்த நாளுக்குத் திரும்பிவிடுவார் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு நாற்பத்தி நான்கு வயது. மத்திய அரசு அலுவலகத்தில் ஃபைல் பார்க்கிற உத்தியோகம். சக ஊழியர்கள் என்னை விவரமானவன் என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஓட்டியவர் என் அப்பா. வங்காளிகள் நடுவே, லேக் மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருந்தார். புழுங்கலரிசி, காப்பிப் பொடி, அப்பளம், பெருங்காயம் என்று நம்மூர்ச் சாமான் எல்லாம் கிடைக்கும். கார்டன் ரீச் ரயில்வே காலனியில் அப்போது தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அவர்களால் வாரா வாரம் இவ்வளவு தூரம் வர முடியாது. அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா சாமானைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு அவரே போவார். காலனி முனையில் நின்று இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். பாம், பாம். மாமிகள் பையோடு இறங்கி வருவார்கள். கறிவேப்பிலை மட்டும் இலவசம், ஊர்க்கதையும் இலவசம். முப்பது வருஷம் இப்படி ஓடியது. சின்னப் பிள்ளையில் நானும் பின்னால் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து போயிருக்கிறேன். என் நகைச்சுவை உணர்ச்சி அந்தக் குலுக்கலில்தான் இடம் மாறியது என்பது என் மனைவியின் கட்சி.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போயின. கடையைக் கை மாற்றினோம். பிக்கப் வீட்டுப் பக்கத்துச் சந்தில் தார்ப்பாய்க்குள் நின்றது. பாராவின், அதாவது எங்கள் பேட்டையின், பூனைகள் அதில் பிரசவம் பார்த்துக்கொண்டன.

சில வருஷம் கழித்து ஒரு காலையில் அப்பா இடது கையால் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டினார். பிறகு ஜன்னல் பக்கம் கை நீட்டினார். நான் தண்ணீர் கொண்டுபோனேன். தள்ளிவிட்டார். மறுபடி இரண்டு தட்டு. நான் பெட்பேனோடு ஓடினேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பேச்சு இருந்திருந்தால்கூட அவ்வளவு தெளிவாகத் திட்டியிருக்க முடியாது.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவிக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

"இன்னிக்கு சனிக்கிழமைங்க. மாமா ஹாரன் அடிக்கிறார். கார்டன் ரீச் போகணுங்கறார்."

அப்பா தலையை ஆட்டினார். வாயின் ஒரு பாதி சிரித்தது.

டாக்டரைக் கேட்டேன். "முன் சீட்டில் உட்கார வைத்து மெதுவாகப் போங்களேன், அவருக்கும் நல்லது" என்றார். கரியாஹாட் பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக் மிஸ்திரியைப் பிடித்தேன். என்னைவிட இளையவர், ஆனால் வண்டிகளோடு பெரியவர் மாதிரி பேசுவார். பூனைக் குடும்பத்தை மரியாதையோடு இடம் மாற்றிவிட்டு இரண்டு மாதம் உழைத்தார். ஆயுத பூஜைக்கு முந்தின சனிக்கிழமை காலை சந்தே அதிர்ந்தது. எஞ்சின் ஓடியது.

என் மனைவி அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டாள். நானோ போகிற வழியை மனசில் ஓட்டிப் பார்த்தேன். கிதிர்பூரில் ஜாம் ஆனால்? கப்பலுக்காகப் பாலத்தைத் தூக்கிவிட்டால்? நடு ரோட்டில் இவருக்கு இன்னொரு தடவை வந்துவிட்டால்? ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் அப்பா, மீதிக் கைக்கு எங்கே போவேன்? இதை யாரிடமும் சொல்லவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, பெரிய நிபுணன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"இந்தக் கோலத்திலயா அப்பாவை ஏத்தறது? நாலு கலர்ல நிக்குது. அசல் ஃபேக்டரி நிறத்துக்குக் கொண்டுவந்துட்டு ஜம்முனு கூட்டிட்டுப் போறேன்."

மிஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "காடி தோ சோல்ச்சே, தாதா." வண்டிதான் ஓடுகிறதே. "உங்கப்பா நிறத்து மேலயா உட்காரப் போறார்?"

நான் அதை ஜோக்காக எடுத்துக்கொண்டு சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. அப்பாவின் சட்டைப் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தாள்.

நிறத்தைக் கண்டுபிடிக்கும் வேலை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மேலே பச்சை, அதன் கீழே நீலம், அதன் கீழே இன்னொரு பச்சை. பெரும்பாலான இடத்தில் பெயின்ட் சுரண்ட வரவில்லை. ஆனால் பானெட்டின் நடுவில், இரண்டு கதவிலும், பின் பலகையில், டேஷ்போர்டில் என்று ஐந்து இடத்தில் மட்டும் காசு அளவுக்கு உப்பியிருந்தது. நகம் பட்டதும் சில்லாகப் பெயர்ந்து வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே வெளிர் கிரீம். ஐந்து இடத்திலும்! இதுதான் பிறந்த நிறம் என்று பாராவில் ஒருவர் விடாமல் கூப்பிட்டுக் காட்டினேன்.

முழு வண்டிக்கும் கிரீம் அடித்தோம். உலர்ந்ததும் அப்பாவை வாசலுக்குக் கொண்டுவந்து காட்டினேன். அவர் பழைய வண்டியை அடையாளம் கண்டு தெளிந்துவிடுவார் என்று பக்கத்திலேயே நின்றேன். அவர் மேலும் கீழும் பார்த்தார். யாருடைய வண்டி என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு, யாருடையதாக இருந்தால் என்ன என்று தீர்மானித்தவர் போல நாற்காலிக் கையில் இரண்டு தட்டு தட்டினார்.

"கொஞ்சம் பொறுங்கப்பா," என்றேன். "பம்பர் ஒரிஜினல் இல்லை."

அடுத்த சனிக்கிழமை வைப்பர் ஒரிஜினல் இல்லை. அதற்கடுத்து ஹெட்லைட் வளையம். அப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் தட்டினார். என் மனைவி ஒவ்வொரு சனிக்கிழமையும் சட்டை போட்டுவிட்டாள். அவள் என்னைக் கெஞ்சவில்லை, சண்டையும் போடவில்லை. ஒரு தடவை மட்டும், இட்லிக்கு அரைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"உங்களுக்கு பயமாங்க?"

"எனக்கா? நானா?" என்று குரலை உயர்த்தி, சினிமாக் கதாநாயகன் போல ஒரு நடை நடந்து காட்டி அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். பயந்தவன் அப்படித்தான் செய்வான் என்று அவளுக்குத் தெரியும்.

குளிர்காலத்தில் எனக்கு அடுத்த கிறுக்கு. சேசிஸ் நம்பரை எழுதி எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த, வண்டி பிறந்த தொழிற்சாலைக்கே போனேன். வாசல் காவலாளி என்னை உள்ளே விடவில்லை. ஆனால் பாவம் பார்த்து, அங்கே டெஸ்பாட்ச் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு கிழவரின் வீட்டைக் காட்டினார். பெரியவர் போர்வையும் குரங்குக் குல்லாயுமாக வெயிலில் உட்கார்ந்திருந்தார். நம்பரைப் பார்த்தார். நான் ஒரு சின்ன டப்பாவில் கொண்டுபோயிருந்த சில்லுகளைக் கொட்டினேன்.

"கிரீம்," என்றேன் பெருமையாக. "அசல்."

"பிக்கப்புக்கு ஏது நிறம்?" என்றார். "நாங்கள் சாம்பல் பிரைமர் மட்டும் அடித்து அனுப்புவோம். வாங்குகிறவன் இஷ்டத்துக்கு அடித்துக்கொள்வான். அந்த வண்டிக்கு அசல் நிறம் என்று ஒன்றே கிடையாது, பாபா."

"அப்படியென்றால் இது?"

ஒரு சில்லை எடுத்து, டீக் கோப்பைத் தட்டில் இருந்த ஒரு சொட்டுத் தண்ணீரில் தேய்த்தார். முகர்ந்து பார்த்தார். என் மூக்கருகே நீட்டினார்.

சந்தனம்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்பா வண்டிக்கு ஐந்து இடத்தில் சந்தனப் பொட்டு வைப்பார். தடித்த பொட்டு, மேலே குங்குமம். பெயின்ட் அடிக்கிற வருஷத்தில் பூஜை முடிந்ததும்தான் பெயின்ட் அடிக்க ஆள் வருவான், அப்போதுதான் அவனுக்கு வேலை ஓய்வு. அவன் துணியோடு பொட்டைத் துடைக்கப் போனால் அப்பா கத்துவார்: "சாமி பொட்டை அழிக்காதேப்பா! மேலயே அடி!" நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன், இரண்டு மூன்று தடவை. சந்தனத்தின் மேல் பெயின்ட் ஒட்டாது. அதனால்தான் அந்த ஐந்து இடத்தில் மட்டும் உப்பியிருந்தது. நான் அப்பா வைத்த பொட்டைச் சுரண்டி எடுத்து, அந்த நிறத்தை முழு வண்டிக்கும் பூசியிருக்கிறேன்.

பெரியவர் இருமி இருமிச் சிரித்தார். நானும் சிரித்தேன், எனக்குத் தெரிந்த ஒரே காரியம் அதுதான். பிறகு அவர் கேட்டார்.

"அப்பாவை அதில் உட்கார வைத்து ஓட்டினாயா?"

"இன்னும் இல்லை. கார்புரேட்டர் அசல் இல்லை."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். டீ ஆறுகிறது என்றார்.

அன்று படகில் ஆற்றைக் கடக்கும்போது, வருகிற சனிக்கிழமை எப்படியும் போய்விட வேண்டும் என்று தீர்மானம் செய்தேன். கரை வந்து சேர்வதற்குள் கார்புரேட்டர் ஞாபகம் வந்தது. உண்மையில் அது நன்றாகத்தான் வேலை செய்தது. இருந்தும் மிஸ்திரியிடம் சொல்லிக் கழற்றினேன். அதே காலத்து அசல் ஒன்று மல்லிக் பஜாரின் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் என்று எவனோ சொன்னான். மிஸ்திரி கழற்றிய சாமானைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

அதற்கு அப்புறமும் அப்பா தட்டினார். மாசிக்கு மேல் தட்டு ஒன்றாகக் குறைந்தது. என் மனைவி சட்டை போடுவதை நிறுத்தவில்லை. நானும் மல்லிக் பஜாருக்கு அலைவதை நிறுத்தவில்லை. மூன்று தடவை போனேன், இரண்டு தடவை தவறான மாடலை வாங்கி வந்தேன்.

சித்திரையில் ஒரு புதன்கிழமை காலை, காப்பி கொடுக்கப் போன என் மனைவிதான் முதலில் பார்த்தாள்.

பிக்கப் சந்தில் கிரீம் நிறத்தில், கார்புரேட்டர் இல்லாமல் நின்றது. அப்பா வாடகைக் கண்ணாடி வண்டியில் கேவ்ராதலா சுடுகாட்டுக்குப் போனார். பிக்கப் ஓட ஆரம்பித்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் ஒரு தடவைகூட அதில் ஏறவில்லை.